திண்டிவனத்தில் ஒரு ஜப்பான் படகு

அந்தத் தாளின் பின்பக்கத்தை விரலால் தடவினால் மழை தட்டுப்படும். முன்பக்கத்தில் கருநீலக் கடல்மேல் சாய்வாகப் பெய்யும் மழைக்கோடுகள் பின்பக்கத்தில் மெல்லிய மேடுகளாகப் புடைத்திருக்கும். கஞ்சி போட்டு உலர்த்திய துணியின் வாசனை அடிக்கும் அந்தத் தாளைக் கண்ணை மூடிக்கொண்டு தடவுவதுதான் ஒன்பது வயதில் எனக்குப் பிடித்த விளையாட்டு. மழைக்குள் ஒரு படகு, அதில் ஓலைக் குல்லாய் போட்ட மூன்று பேர் குனிந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்பா திண்டிவனத்தில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். புதுச்சேரிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு எந்திரம் பூட்ட வந்திருந்த ஜப்பான்காரர் ஒருவர், சில மாதங்கள் அப்பாவின் அம்பாசடரிலேயே போய்வந்தவர், ஊர் திரும்பும்போது இப்படி மூன்று படங்களைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று இந்தப் படகு. இன்னொன்றில் பனி கொட்டும் பாலத்தின்மேல் குடை பிடித்த ஒரு பெண், மூன்றாவதில் ஒரு மலை. மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, ஒவ்வொரு நிறமாக ஒத்தி எடுத்தவை என்று அவர் சொன்னதை அப்பா தெருவில் ஒருவரையும் விடாமல் பிடித்து நிறுத்திச் சொல்வார். "ஒரு கலருக்கு ஒரு கட்டைங்க" என்று ஆரம்பித்தால் கேட்பவர் தப்பிப்பது கஷ்டம்.

படங்கள் பீரோமேல் சுருண்டு கிடந்தன. அவற்றுக்கு விடிவு வந்தது என் காதால்.

அம்மா மரக்காணத்தை ஒட்டிய மீனவர் குப்பத்துப் பெண். அங்கே தன் கூட்டாளிக்கு அவரைக் கொடுப்பதாக அண்ணன், அதாவது என் மாமா, வாக்குக் கொடுத்திருக்க, அம்மா கார் ஓட்டும் அப்பாவைக் கட்டிக்கொண்டு திண்டிவனம் வந்துவிட்டார். அன்று அறுந்த பேச்சு. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் காது குத்த வேண்டும். "எங்கண்ணன் மடி இல்லாம எம்பொண்ணு காதுல ஊசி படக் கூடாது" என்று அம்மா ஒரே பிடியாக நின்றதால், மூன்றாம் வகுப்பு முழுக்க நான் "மொட்டைக் காது" என்ற பட்டத்தைச் சுமந்து திரிந்தேன். கடைசிப் பெஞ்சில் ஒருத்தி ஜிமிக்கியை ஆட்டிக்கொண்டே என்னைக் கூப்பிடுவாள். அவளை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

அம்மா விடாமல் மீன்காரப் பெண்களிடம் சொல்லி அனுப்பியதில், ஒருநாள் மாமாவிடமிருந்து வருகிறேன் என்று பதில் வந்தது. அப்பாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் ஓதம் ஏறிய சுவர் ஓரிடத்தில் பெரிய திட்டாக உரிந்து தொங்கியது. மாடியில் குடியிருந்த வீட்டுக்காரர் வெள்ளையும் அடிக்க மாட்டார், ஆணியும் அடிக்க விடமாட்டார். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இரண்டு ஆணிகள்தான் கூடத்தில் உண்டு, இரண்டும் ஒரே சுவரில். அப்பா படங்களைச் சாமி படங்களுக்குக் கண்ணாடி போடும் கடையில் கொடுத்தார். "இது எந்த ஊரு சாமிங்க?" என்று கேட்ட கடைக்காரர், பழக்க தோஷத்தில் மூன்றுக்கும் ஜிகினா ஓரம் ஒட்டி, குடைக்காரிக்குத் தலைக்குமேல் சிவப்புச் சீரோ வாட் பல்பும் வைத்துக் கொடுத்துவிட்டார்.

அம்மா மாமாவை அழைத்துவரப் பேருந்து நிலையம் போயிருந்த நேரத்தில் நானும் அப்பாவும் வீட்டை ஜோடித்தோம். மலை அலமாரிமேல் சாய்ந்தது. குடைக்காரி ஓர் ஆணியில் ஏறினாள். கடலுக்குப் போகிற மச்சான் படகைப் பார்த்தால் மனம் குளிர்ந்துவிடுவார் என்று கணக்குப் போட்ட அப்பா, ஓதத் திட்டையும் மறைத்தாற்போல அதன்மேல் இருந்த ஆணியில் படகை மாட்டினார். தள்ளி நின்று பார்த்தோம். எங்கள் வீடா என்று இருந்தது.

மாமா வாசலில் நுழைந்து படகைப் பார்த்தார். பின்னால் வந்த அம்மாவும் பார்த்தார், பார்த்த இடத்திலேயே நின்றார். அண்ணன் எதிரில் கணவரைக் குறை சொல்ல வாய் வராமல் நேரே அடுக்களைக்குப் போய்விட்டார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இலை போட்டுச் சோறு வைக்கும்வரை கட்டைகளைப் பற்றியே விளக்கிக்கொண்டிருந்தார். மாமா இலைமுன் உட்கார்ந்தார், கையை மட்டும் மடியைவிட்டு எடுக்கவில்லை. என் காது போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

மாமா தங்கையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா செல்வி, படகு வெளிய போய்க்கினு இருக்குது. ஆளு திரும்பாத வூட்ல எப்படி கை நனைக்கறது?"

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் அப்பாவுக்கு விளங்கவைத்தார். அவர்கள் குப்பத்தில் பிள்ளைகள் கரித்துண்டால் சுவரில் கிறுக்கினால்கூடப் படகின் முகம் வீட்டுக்குள் பார்த்திருக்க வேண்டும். வாசலைப் பார்த்திருந்தால் போனவர் இன்னும் கரையேறவில்லை என்று அர்த்தம், அவர் வரும்வரை அங்கே யாரும் சாப்பிட மாட்டார்கள்.

எதிர்ச் சுவரில் மாட்டினால் படகு உள்ளே திரும்பிவிடும். ஆனால் அங்கே ஆணி இல்லை. அப்பா மாடியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார், பிறகு கார் டிக்கியிலிருந்து சுத்தியலோடு வந்தார். மாமா எழுந்து, படத்தைக் கழற்றித் தன் இரண்டு கையாலும் எதிர்ச் சுவரில் பொருத்திப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் மேல, மாப்ளே" என்றார். அந்த "மாப்ளே"வைக் கேட்டு அப்பா ஆணியை விட்டுக் கட்டைவிரலில் அடித்துக்கொண்டார். சத்தம் கேட்டு வீட்டுக்காரர் இறங்கி வந்தார். மாமா தான் கொண்டுவந்திருந்த வஞ்சிரத்தில் ஒன்றை அவர் கையில் கொடுத்தார். வீட்டுக்காரர் ஆணியைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மாடி ஏறிவிட்டார். ஓதத் திட்டு பப்பரப்பா என்று தெரிய, மாமா மூன்றுமுறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அடுத்த மாதமே மயிலம் கோயிலில் அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்கும்படி கத்தினேன். குடைக்காரியின் நெற்றி காலியாக இருப்பது பொறுக்காமல் கண்ணாடிமேல் வெள்ளிதோறும் பொட்டு வைக்க ஆரம்பித்தார் அம்மா.

அந்த வீட்டை இடித்து இப்போது கடைகள் கட்டிவிட்டார்கள். குடைக்காரியைக் கரையான் தின்றது. மலை எந்த வீடு மாறும்போது தொலைந்தது என்று தெரியவில்லை. படகு மட்டும் என்னோடு விழுப்புரம் வந்து, வெயில் பட்டு நீலமெல்லாம் வெளுத்து, கூடத்தில் தொங்குகிறது. எதிர்ச் சுவரில் மாட்டினால் எடுப்பாக இருக்கும் என்று என் கணவர் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்.

மாமா கடலுக்குப் போவதை விட்டுப் பல வருடங்கள் ஆகின்றன. இரண்டு கண்ணிலும் புரை. போன வாரம் வந்தவரை இலைமுன் உட்கார வைத்தேன். படம் இருக்கும் திசையில் முகத்தைத் தூக்கிச் சிறிது நேரம் பார்த்தார். அவருக்கு வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும்.

"பாப்பா, அது எந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்குது?"

"உள்ளதான் மாமா வந்துக்கினு இருக்குது."

"அப்ப சோறு போடு" என்றார்.