பனி ஒத்துக்கொள்ளாத பெட்டி

வாரண்டி முடிந்த மறுமாதமே அமிர்தவல்லி வீட்டு டிவிக்குள் பனி இறங்க ஆரம்பித்தது. அதுவரை சமர்த்தாக ஓடிய பெட்டிதான். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகள் ஷர்மிளா, வத்தலக்குண்டில் வாங்கி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன கலர் டிவி. சாயங்காலமானால் கொடைக்கானல் மலையில் இருக்கும் பேத்துப்பாறையில் பனி மூடி எதிர்வீடு மறையும். அதே நேரத்துக்குத் திரையிலும் முகங்கள் மங்கிவிடும். நாடகத்தில் மாமியார் எது, மருமகள் எது என்று பிடிபடாது. இருவருமே அழுதுகொண்டிருந்ததால் அதில் பெரிய நஷ்டமில்லை.

அவள் புருஷன் மகேந்திரனுக்கு இதில் துளி வருத்தமும் கிடையாது. கழுத்துவரை கம்பளியை இழுத்துக்கொண்டு, கலங்கிப்போன திரையையே கண் கொட்டாமல் பார்ப்பான்.

"இந்தா பாரு புள்ள, மலையில கொழுந்து எடுக்குறாங்க. வரிசையா நிக்கிறாங்க பாரு."

"அது கிரிக்கெட்டுங்க."

"இருக்கட்டுமே. எனக்குக் கொழுந்து எடுக்குறாப்புலதான் தெரியுது."

சொல்லி முடிப்பதற்குள் அவன் நெஞ்சில் சன்னமாக ஒரு விசில் கேட்கும். இழுப்பு. ரெண்டு குளிர்காலமாகவே அவனைப் பாடாய்ப் படுத்துகிறது. மரம் வெட்டப் போன ஆள், இப்போது அடுப்படியிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

போன வருஷம் கார்த்திகையில் கொடைக்கானல் டாக்டர், மகேந்திரனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அமிர்தவல்லியிடம் தனியாகப் பேசினார். "இவருக்கு இந்த ஈரமும் குளிரும் ஆகாதும்மா. கீழே எங்கயாவது கூட்டிட்டுப் போயிடுங்க. மருந்து கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும்." அவள் தலையைத் தலையை ஆட்டினாள். வெளியே வந்ததும் அவன் என்னவென்று கேட்டான். "மாத்திரைய வேளா வேளைக்குப் போடச் சொன்னாரு" என்றாள். அன்றைக்கு வாய்க்குள் போட்டுப் பூட்டியதுதான். மகளிடம்கூடச் சொல்லவில்லை.

புருஷன் மேல் ஆசை இல்லாமல் இல்லை. உயிரையே வைத்திருந்தாள். ஆனால் பாவாடை கட்டும் வயதில், இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து அவளைக் கிளப்பித் தலைமன்னாரில் கப்பலேற்றினார்கள். எங்கே போகிறோம் என்று யாரும் சொல்லவில்லை. மண்டபம் முகாம், அப்புறம் லாரி, அப்புறம் இந்த மலைக்காட்டில் மரப்பட்டை உரிக்கும் வேலை, கூரை ஒழுகும் குடிசை. இதே மாதிரி வேறொரு தோட்டத்திலிருந்து வந்து சேர்ந்த மகேந்திரனைக் கட்டிக்கொண்டு, அல்லாடி அலைந்து கடைசியில் ஒரு துண்டு நிலமும் அதன்மேல் ஒரு வீடும் அவள் பேருக்கென்று ஆனது. அன்றைக்கு நிலைப்படியில் உட்கார்ந்து, "இனி என்னைய இங்கேருந்து கெளப்ப எவனுக்கும் ஏலாது" என்று சத்தமாகவே சொன்னாள். ஊர் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

ஆகவே டாக்டர் சொன்னது அவளுக்குக் காதில் விழாத மாதிரியே ஆகிவிட்டது. கஷாயம் வைத்தாள், நெஞ்சுக்குத் தைலம் தேய்த்தாள், வெந்நீர் தவிர வேறு கொடுப்பதில்லை. டிவிக்கும் கிட்டத்தட்ட அதே வைத்தியம்தான். ஈரம்தானே வினை? தலைக்கு ஊற்றிய பிள்ளைக்கு முடி காயப் புகை போடுவதில்லையா? கரண்டியில் அடுப்புத் தணலை அள்ளி, சாம்பிராணியைத் தூவி, பெட்டியின் முதுகுப்பக்க ஓட்டைகளில் பாந்தமாகக் காட்டினாள். படம் கொஞ்சம் தெளிந்த மாதிரிகூட இருந்தது. அதற்குள் புகை வீடு முழுக்கச் சூழ்ந்து, மகேந்திரனுக்கு இழுப்பு கண்டுவிட்டது. பயந்துபோய்க் கரண்டியை வாசலில் வீசிவிட்டு, அவன் முதுகைத் தடவியபடி உட்கார்ந்திருந்தாள். ஒன்றுக்கு ஆவது இன்னொன்றுக்கு ஆகவில்லையே என்று அழுகை வந்தது.

வேறு வழியில்லாமல் பெட்டியைக் கம்பளியில் சுற்றிப் பெருமாள்மலைக்கு ஜீப்பில் கொண்டுபோய், அங்கிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வத்தலக்குண்டுக்கு இறங்கினாள். விற்ற கடைக்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்து, "வாரண்டி போயிருச்சேம்மா, இனி நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்று கைவிரித்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த மெக்கானிக் ஞானவேலைக் காட்டினார். ஞானவேல் பெட்டியை மேசையில் வைத்து ஒயரைச் சொருகினான். திரையில் ஒருத்தி மூக்குத்திக் கல் பளிச்சென்று தெரியச் சிரித்தாள்.

"நல்லாத்தானக்கா இருக்கு?"

அமிர்தவல்லிக்கு மானம் போன மாதிரி ஆகிவிட்டது. "மேல தெரியலப்பா. சத்தியமாத் தெரியல."

அவன் சிரிக்காமல் பின்மூடியைக் கழற்றி, பிக்சர் டியூபின் பிடரியில் இருந்த சாக்கெட்டை மாற்றிக் கொடுத்தான். மேலே கொண்டுபோன பிறகு கொஞ்ச நாள் எல்லாரும் அவரவர் முகத்தோடு தெரிந்தார்கள். அப்புறம் ஐப்பசி அடைமழை பிடித்தது. பனி மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"பாரு, இப்பத்தான் நம்ம டிவி மாதிரி இருக்கு" என்றான் மகேந்திரன். அவனுக்குத் திரைக்குள் மாடு போனது, பிள்ளைகள் போனார்கள், செத்துப்போன அவன் அண்ணன்கூட ஒரு தரம் குடை பிடித்துக்கொண்டு போனான். பக்கத்தில் உட்கார்ந்து அவளும் பார்த்தாள். சில சாயங்காலங்களில் ஜன்னல் எது திரை எது என்று தெரியாமல், இருவரும் வெள்ளைக்குள் மிதப்பது போலக் கிடப்பார்கள். அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அவன் மூச்சின் விசில் மட்டும் இல்லாவிட்டால் ஆயுசு முழுக்க அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றும்.

இரண்டாம் முறை இறங்கியபோது ஞானவேல், "கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்க்கா, ஓடவிட்டுப் பாக்குறேன்" என்று வைத்துக்கொண்டான். ஒரு சந்தை நாளில் போய் எட்டிப் பார்த்தாள். பெட்டி கடையில் ஜாம் ஜாம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"இதுக்கு ஒரு நோவும் இல்லக்கா. ஒங்க ஊரு பனிதான் ஒத்துக்கல. நான் எத்தன தடவ மாத்திக் குடுத்தாலும் ஈரம் ஏறிக்கிட்டேதான் இருக்கும். மேல வச்சிருந்தா வெரசாப் போயிரும். கீழ இருந்துச்சுன்னா இன்னும் எத்தனையோ வருசம் ஓடும்."

அவன் டிவியைத்தான் சொன்னான். அமிர்தவல்லி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் சொன்னபோது கேட்காத காது, இப்போது ஒரு எழுத்து விடாமல் கேட்டது.

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்து நின்றாள். வெயில் சுள்ளென்று அடித்தது. வயசான ஒருவர் வெறும் பனியனோடு சைக்கிள் மிதித்துப் போனார், மூச்சு வாங்கவில்லை. தெருமுனையில் மலை தெரிந்தது. எத்தனையோ தடவை இறங்கி ஏறியிருக்கிறாள், நின்று பார்த்ததில்லை. மலையின் பாதிக்கு மேல் வெள்ளையாக ஒரு மேகம் அசையாமல் படுத்திருந்தது. பார்க்க அத்தனை அழகாக இருந்தது. அதற்குள்தான் தன் வீடு இருக்கிறது, அதற்குள் உட்கார்ந்துதான் அவன் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்தாள்.

திரும்பக் கடைக்குள் போனாள். "தம்பி, இந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கெடைக்குமா?"

"எங்க தெருவுலயே ஒண்ணு பூட்டித்தான் கெடக்குக்கா. யாருக்கு?"

பெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறினாள்.

பேத்துப்பாறையில் ஜீப் நின்றபோது மகேந்திரன் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு காத்திருந்தான். பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுக்கலாம் என்று வந்திருப்பான். அவனால் அவனையே தூக்க முடியாது.

"பொட்டி எங்க புள்ள?"

"கீழ விட்டுட்டேன். அங்க நல்லா ஓடுது." அதற்குமேல் அடக்க முடியவில்லை. "டாக்டரு அன்னைக்கு மாத்திரைய மட்டும் சொல்லலங்க. ஒங்களுக்கு இந்தக் குளிரு ஆகாதுன்னாரு. கீழ கூட்டிட்டுப் போன்னாரு. நாந்தான் மறச்சிட்டேன். நான் பாவி."

மகேந்திரன் ரோட்டோரச் சுவரில் சாய்ந்து மூச்சைச் சேர்த்துக்கொண்டான்.

"தெரியும். கதவு சாத்தாமத்தான் பேசுனாரு. எனக்கும் கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"ஒன்னையக் கப்பல்ல ஏத்துனவங்க ஒன்னையக் கேக்கல. நானும் அப்பிடித்தான் ஏத்தணுமா?" நெஞ்சு இழுத்தது. கொஞ்சம் நிறுத்தி, "நீயா சொன்னாத்தான் போறதுன்னு இருந்தேன். சொல்லலைன்னா இங்கயே இருந்துக்கிறதுன்னும் இருந்தேன்" என்றான்.

அமிர்தவல்லி ரோடு என்றும் பார்க்காமல் ஓவென்று அழுதாள். அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு அவன் மப்ளரை இறுக்கிக் கட்டிவிட்டு, "போவோங்க" என்றாள்.

"வீட்டுக்கா?"

"கீழ."