ஆறடிக்கு ஒரு இழுப்பறை

எங்கள் பட்டறையில் சீட் தைப்பவள் ஊசியக்கா. லாரியோ பஸ்ஸோ காரோ, கிழிந்த இருக்கை எதுவானாலும் அவள் மேஜைக்குத்தான் வரும். உதட்டோரம் இரண்டு ஊசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவாள். "ஊசியை எடுத்துட்டுப் பேசுக்கா, பாக்கவே பயமா இருக்கு" என்றால், "எடுத்தா நெறைய பேசிடுவேன். உங்க மேஸ்திரி தாங்க மாட்டாரு" என்பாள். நான் அங்கே ஒயரிங் வேலை பார்க்கிறவன். என் மேஜைக்கும் அவள் மேஜைக்கும் நடுவில் ஒரு மின்விசிறிதான் இருந்தது. அதனால் நடந்ததில் பெரும்பகுதி என் கண் முன்னால் நடந்தது.

அவள் கணவரை நாங்கள் எல்லோரும் மாமா என்போம். சொந்தமாக ஒரு பிக்அப் வண்டி வைத்திருந்தார். நகரத்தைத் தாண்டினால் கல்வெளி. ஒதுங்க ஒரு நிழல் கிடையாது. அதைக் கடந்து போனால் சுரங்க முகாம்கள். அங்கே இயந்திரங்களுக்கு வேண்டிய பாகங்களைக் கொண்டுபோய் இறக்குவது அவர் பிழைப்பு. அதிகம் பேசாத மனிதர். சாயங்காலம் அக்காவைக் கூட்டிப்போக வந்தால் ஹாரன்கூட அடிக்க மாட்டார். வண்டியை நிறுத்திவிட்டு, அவளாகப் பார்த்து எழுந்து வரும்வரை உட்கார்ந்திருப்பார்.

ஒரு கோடையில், காலையில் போனவர் திரும்பி வரவில்லை. மூன்றாம் நாள் வண்டி மட்டும் கிடைத்தது. முகாமுக்குப் போகும் பாதையை விட்டு விலகி, குறுக்கு வழியாகக் காய்ந்த ஆற்றுக்குள் இறங்கியிருக்கிறார். பின்சக்கரங்கள் ஆக்சில் வரைக்கும் மணலில் புதைந்திருந்தன. சக்கரத்துக்கு அடியில் சாக்கையும் பாயையும் தன் சட்டையையும்கூடக் கொடுத்துப் பார்த்திருக்கிறார். தண்ணீர் கேன் காலி. கதவுகள் பூட்டியிருந்தன. காற்று எல்லாக் கால்தடத்தையும் துடைத்துவிட்டிருந்தது.

போலீசும் சுரங்கத்து ஆட்களும் சில நாள் தேடினார்கள். அப்புறம் ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து, தேடலை நிறுத்துகிறோம் என்று தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியை இழுத்துவந்து பட்டறை வாசலில் விட்டார்கள். அக்கா மாற்றுச் சாவியால் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். நாங்கள் யாரும் கிட்டே போகவில்லை. மதியத்துக்கு மேல் இறங்கி வந்து, எங்கள் வெல்டரிடம் நின்றாள். வெல்டர் அவள் கூடப்பிறந்த தம்பி.

"பூட்டிட்டுப் போயிருக்காருடா. திரும்பி வர்ற ஆளுதானே பூட்டுவான்?"

அவன் குனிந்து வண்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தான்.

"இந்த வண்டி இனிமே எங்கயும் மாட்டக் கூடாது. மண்ணு, கல்லு, பள்ளம், எதுலயும். என்ன பண்ணணுமோ பண்ணு."

அந்த வேலை ஒரு மாதத்துக்கு மேல் நடந்தது. பட்டறை வேலை முடிந்த பிறகு ஆளுக்கு ஒரு கை கொடுத்தோம். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளோடு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்து வண்டியைத் தூக்கினோம். அகலமான பெரிய டயர்கள் வந்தன; அவை உரசாமலிருக்கச் சக்கரத்துக்கு மேலுள்ள தகரத்தை வெட்டி விரித்தான் தம்பி. இன்ஜினுக்கு அடியில் பாறை இடிக்காமலிருக்க ஒரு கனத்த இரும்புத் தகடு. முன்னால், புதைந்த வண்டியை இழுத்தெடுக்கக் கம்பிவடம் சுற்றிய வின்ச். மண்ணில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் செருகுவதற்கு இரண்டு நீளமான துளைத்தகடுகள். நான் இரண்டாவது பேட்டரி ஒன்றை வைத்து, கூரையில் நான்கு விளக்குகள் பொருத்தினேன்.

சரக்கு ஏற்றும் பின்பக்கத் தொட்டியை மட்டும் அக்கா யாரிடமும் விடவில்லை. அதற்குள் என்ன வர வேண்டும் என்று துணியில் கோடு போடும் சாக்கட்டியால் தரையிலேயே வரைந்து காட்டினாள். இடப்பக்கம் தண்ணீர் கேன்கள். குலுங்கினால் ஒன்றோடொன்று மோதாதபடி ஒவ்வொன்றுக்கும் கேன்வாஸில் உறை தைத்தாள். வலப்பக்கம் மூன்று சிறிய இழுப்பறைகள். குளுக்கோஸ், கட்டுத்துணி, அவருடைய ரத்த அழுத்த மாத்திரை, பழைய மூக்குக் கண்ணாடி, ஒரு சட்டை, ஒரு ஜோடி செருப்பு. தூசி போகக் கூடாது என்று விளிம்பெல்லாம் ரப்பர் ஒட்டச் சொன்னாள். நடுவில் உருளைகள் மேல் ஓடிவரும் ஒரே ஒரு நீளமான இழுப்பறை. அதன் அடியில் மெத்தை.

"எவ்ளோ நீளம்க்கா?" என்றான் தம்பி.

"ஆறடி. மாமா அஞ்சே முக்கால். தலைமாட்டுல கொஞ்சம் எடம் வேணாமா?"

மேஸ்திரி சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கப் பார்த்தார். "ஏம்மா ஊசி, வண்டிக்குள்ள ஒரு வீட்டையே கட்டிட்ட. வாசப்படி ஒண்ணுதான் பாக்கி."

"அதையும் வெச்சுடுவேன். அவரு கால் தூக்கி ஏற முடியாம வந்தா?" என்றாள். அப்படியே ஒரு மடக்குப் படியும் வைத்தோம்.

ஒவ்வொரு விடுமுறை நாளும் அக்காவும் தம்பியும் கிளம்பினார்கள். ஓட்டியது அவள்தான். முதல் மாதம் திணறினாள். மணல் வந்தால் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், நடுவில் பிரேக் மிதிக்கக் கூடாது, சரிவில் கியர் மாற்றக் கூடாது என்று ஒவ்வொன்றாகப் பழகினாள். வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பார்த்த கட்டத்தில் ஊசியால் ஓர் ஓட்டை போடுவாள். வெளிச்சத்தில் பிடித்தால் எவ்வளவு பார்த்தாகிவிட்டது என்று தெரியும்.

விளக்கில் ஏதோ கோளாறு என்று ஒருமுறை நானும் கூடப் போனேன். ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் வண்டியை நிறுத்தி மூன்று முறை ஹாரன் அடித்தாள். பிறகு இன்ஜினை அணைத்தாள். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுத்தாள். சூடான இரும்பு ஆறும்போது எழுப்பும் சின்னச் சின்னச் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, அடுத்தது" என்று சாவியைத் திருப்பினாள். அன்றைக்குப் பதினான்கு முறை அப்படி நின்றோம். அந்தச் "சரி"யை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை.

மாமா போய் எட்டு மாதம் ஆனது. ஒருநாள் மதியம் அக்காவின் மகள் பட்டறைக்கு வந்தாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். மாத்திரை தேதி தாண்டிவிட்டது, புதிது எடுத்து வா என்று அம்மா சொல்லியிருந்தாளாம். வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"மாத்திரை எங்கடி?"

"யாருக்கும்மா?"

அக்கா தையல் மிஷினை நிறுத்தவில்லை.

"அம்மா, இங்க பாரு. யாருக்கு அந்த மாத்திரை? அந்த வெயில்ல தண்ணி இல்லாம ரெண்டு நாள்மா. மூணு நாள்னு வெச்சுக்கோ. எட்டு மாசம் ஆயிடுச்சு."

"உங்க அப்பாடி அவரு."

"எனக்குத் தெரியாதா? எங்கப்பாதான். அதனாலதான் சொல்றேன். என்னால இனிமே அந்த மாத்திரையைக் கையால எடுக்க முடியாது."

சொல்லிவிட்டு அங்கேயே அழுதாள். அக்கா எழுந்து வந்து தன் முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள்.

மறுநாள் வண்டியின் பின்கதவைத் திறந்து, நீள இழுப்பறையிலிருந்து மெத்தையை உருவி எடுத்தாள். குளுக்கோஸ், மாத்திரை, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு அனுப்பினாள். பிறகு தன் மேஜையில் பச்சை கேன்வாஸை விரித்து, ஆறடி நீளத்துக்கு ஒரு பை தைத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஜிப். எங்களில் யாருக்கும் அது எதற்கென்று கேட்க வாய் வரவில்லை. தைத்து முடித்ததும் தம்பியைக் கூப்பிட்டு, "பக்கவாட்டுல மம்பட்டி மாட்ட ரெண்டு கொக்கி வெச்சுக் குடு" என்றாள். அவன் கொக்கியைப் பற்றவைத்த நேரம் முழுக்க முகமூடியைத் தூக்கவே இல்லை.

அதன் பிறகும் தேடல் நிற்கவில்லை. தேடும் விதம்தான் மாறியது. ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டாள். கண்ணைத் தரையிலேயே வைத்து ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினாள்.

இரண்டாம் வருடக் கோடையில் அவர்களுக்கு ஒரு மனிதன் கிடைத்தான். நிலம் அளக்கிற வேலையில் இருந்தவன். மோட்டார் சைக்கிள் சரிந்து கால் உடைந்து, ஒரு பாறையின் கையகல நிழலில் இரண்டு நாளாகக் கிடந்திருக்கிறான். உயிர் இருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் கொடுத்தார்கள். மெத்தை இல்லாததால் அந்தப் பச்சைப் பையையே மடித்துப் போட்டு நீள இழுப்பறையில் படுக்கவைத்தார்கள். குலுங்காமல் நான்கு மணி நேரம் ஓட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள் அக்கா. டாக்டர், இன்னும் அரை நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்றாராம். அவன் மனைவி ஓடிவந்து அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை.

மறுநாள் பட்டறையில் நாங்கள் அவளைக் கொண்டாடத் தயாராக இருந்தோம். மேஸ்திரி எழுந்து நின்றே கை தட்டினார். அவள் நேராக வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கலைந்த பிறகு என்னிடம் மட்டும் சொன்னாள்.

"தூரத்துல ஒரு கை அசைஞ்சுது. எனக்கு நெஞ்சே நின்னுடுச்சு. கிட்ட போய்ப் பாத்தா வேற ஆளு. எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? கோவம். சாகக் கெடக்குறவன் மேல கோவம். நீ எதுக்குடா கெடைச்சேன்னு." தைத்த நூலைக் கடித்து அறுத்தாள். "அவன் பொண்டாட்டி என்னைத் தெய்வம்னு சொல்றா. நான் என்ன நெனைச்சேன்னு அவளுக்குத் தெரியாது."

"தண்ணி குடுத்துக் கூட்டிட்டு வந்தியேக்கா" என்றேன்.

"குடுத்தேன். இவருக்குத்தான் குடுக்க ஆளில்ல" என்று ஊசியை வாயில் வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் கல்வெளியில் என்றும் பெய்யாத மழை பெய்தது. காய்ந்த ஆறு நிறைந்து கரையை உடைத்து ஓடியது. வெள்ளம் வடிந்தபின் போய்ப் பார்த்தவள், வண்டி புதைந்திருந்த இடமே எது என்று தெரியவில்லை என்றாள். மணல்மேடு இருந்த இடத்தில் பள்ளம், பள்ளம் இருந்த இடத்தில் சேறு. ஓட்டை போட்ட வரைபடத்துக்கும் நிலத்துக்கும் சம்பந்தமே இல்லை. அவள் புதிய வரைபடம் ஒன்று வாங்கி முதல் கட்டத்திலிருந்து ஆரம்பித்தாள்.

தம்பியால் அதற்குமேல் முடியவில்லை. "அக்கா, என் புள்ளைங்க முகத்தை லீவு நாள்ல பாத்து ரெண்டு வருஷம் ஆச்சு" என்றான். "நீ இரு. இவ்ளோ நாள் வந்ததே பெருசு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் தனியாகவே போனாள்.

நான்காம் வருடம் அங்கே வேலி வந்துவிட்டது. ஆற்றோரம் முழுவதையும் புதிய சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசல் காவலாளி நல்லவன்தான். "அம்மா, உள்ள வெடி வெக்கிறாங்க. யாரையும் விட முடியாது. நான் வேணா பாக்குறேன், எதுனா கெடைச்சா சொல்றேன்" என்றிருக்கிறான்.

"என்ன பாப்பே?"

அவனுக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லையாம். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். அதற்குப் பிறகு எங்கும் போகவில்லை. வண்டி பட்டறையின் பின்சுவரை ஒட்டி நின்றது. முதலில் பேட்டரிகள் செத்தன. பிறகு டயர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. தண்ணீர் கேன்களில் பாசி பிடித்தது. யாரும் தொடவில்லை.

போன மாதம் மகள் அவளை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். ஏழு வருடம் ஆகிவிட்டதால் மாமா இறந்துவிட்டார் என்று சான்றிதழ் வாங்கலாமாம். சாட்சிக் கையெழுத்துக்காக நானும் போனேன். சின்ன அறை. மேஜைக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா. எல்லாம் நிரப்பிவிட்டு ஓரிடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இறந்த தேதிம்மா?"

அக்கா அவரையே பார்த்தாள்.

"சரியா தெரியலேன்னா பரவாயில்ல. ஒரு தேதி போட்டாகணும். காலியா விட்டா மேல ஏத்துக்க மாட்டாங்க."

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர் இருமினார். மகள் குனிந்து மெல்ல ஒரு தேதியைச் சொன்னாள். குமாஸ்தா எழுதிக்கொண்டு, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அக்கா போட்டாள்.

வெளியே வந்ததும் மகள் வேலைக்குப் போக வேண்டும் என்று பஸ் ஏறினாள். நாங்கள் இருவரும் நடந்தே பட்டறைக்குத் திரும்பினோம். பள்ளிக்கூட வேன் ஒன்றின் பதினெட்டு இருக்கைகள் அவளுக்காகக் காத்திருந்தன. மேஸ்திரி, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டார். "ஆச்சு" என்றாள். காலையிலிருந்து அவளோடுதான் இருந்தேன். ஒரு வாய் தண்ணீர்கூட அவள் குடிக்கவில்லை. அவள் முதல் இருக்கையை மேஜைமேல் தூக்கிவைத்து, பழைய ரெக்சினைக் கிழிக்க ஆரம்பித்தாள்.