நான் குடிக்காத தேத்தண்ணி

பேய்க்கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். ஜின் இருக்கிறது என்று ஓதியிருக்கிறேன், ஆனால் அது சாய்ந்தமருதில் எங்கள் தெருவுக்கு ஏன் வரவேண்டும் என்று கேட்பேன். முப்பத்தொரு வருடம் லொறி ஓட்டினேன், காட்டு றோட்டில் யானையைத் தவிர ஒன்றையும் கண்டதில்லை. இதைக் கேட்டுச் சிரிக்கப் போகிறீர்கள், சிரியுங்கள், நானும் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனால் வல்லாஹி, நடந்தது.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்ததற்கு அடுத்த வருடம். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று, எனக்கு முழங்கால் வலி வேறு. இனி லொறி வேண்டாம், வீட்டில் இருங்கள் என்று என் மனைவி ஆசியா பிடிவாதமாகச் சத்தியம் வாங்கிவிட்டாள். முதலாளியிடம் லொறியின் திறப்பைக் கொடுத்துவிட்டு வந்தேன். என்ன செய்வது, வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. மீனை இப்படி அறு, அடுப்பை அப்படி எரி என்று அவள் பின்னாலேயே திரிந்தேன், அவள் குறுக்கே வந்தால் வாயால் ஹோன் அடித்தேன்.

"இஞ்சாருங்க, றோட்டுல இரிக்கக்குள்ள நீங்க எவ்வளவு நல்ல மனிசன்!" என்பாள்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. இறக்காமத்தில் நெல் ஏற்றி வரும்போது தெருமுனையில் இரண்டு நீளம், ஒரு குட்டை என்று ஹோன் அடிப்பேன். அதைக் கேட்டு அவள் அடுப்பில் கேத்தலை வைப்பாள். லொறியை மில்லில் விட்டு நடந்து வந்தால், கதவுக்கு உள்ளே ஸ்டூலில் தேத்தண்ணியும் பனங்கட்டியும் இருக்கும். குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து, அதன் முதுகில் கடித்த மிச்சப் பனங்கட்டியை வைப்பேன். அதற்கு ஏச்சு வாங்காத நாள் இல்லை.

நான் வேலையிலிருந்து நின்று மூன்றாவது கிழமை, பகல் ளுஹர் தொழுதுவிட்டுக் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். ஹோன் கேட்டது. இரண்டு நீளம், ஒரு குட்டை. ஆசியா கேத்தலை வைத்தாள், ஊற்றினாள், ஸ்டூலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "வந்திட்டார்" என்றாள். நம்பினால் நம்புங்கள், நானும் "ஓம், ஓம்" என்று துருவிக்கொண்டே இருந்தேன்!

பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அப்ப ஹோன் அடிச்சது ஆரு?" என்றாள், சிரிப்பு நின்றுபோய்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும், லொறியைத் திருத்த விட்டிருந்த தெருமுனை கராஜுக்குப் போனோம். என் லொறி சில்லுகள் கழற்றி, கட்டை மேல் நின்றது.

"பற்றரி சார்ஜுக்குப் போய் ரெண்டு நாள் காக்கா" என்றான் மெக்கானிக். "ஹோன் எனக்கும் கேட்டிச்சி. நீங்கதான் வாறீங்க எண்டு நினைச்சன்."

திரும்பி வந்து ஆசியா பூட்டைத் திறந்தாள். ஸ்டூலில் கோப்பை கவிழ்ந்திருந்தது. அதன் முதுகில் கடித்த பனங்கட்டி. தொட்டுப் பார்த்தேன், கோப்பையில் சூடு ஆறவில்லை.

ஆசியா கடித்த பனங்கட்டியை எடுத்து என் கையில் வைத்தாள். பிறகு என் தோளில் ஒன்று போட்டாள்.

"நாளைக்கே லொறிக்குப் போங்க. சத்தியத்த நான் விட்டுத்தாறன். நீங்க இஞ்ச குந்தி இரிந்தா, அங்க ஒருத்தன் ஒங்கட வேலையப் பாத்திட்டு ஒங்கட தேத்தண்ணியையும் குடிக்கான்!"

அல்ஹம்துலில்லாஹ், அன்றைக்கு எனக்கு வந்த சந்தோசம் கலியாணத்தன்றும் வரவில்லை. அதன்பிறகு ஒன்பது வருடம் ஓட்டினேன். வயதாகியும் ஏன் விடாமல் ஓட்டுகிறாய் என்று கேட்டால் மற்ற டிரைவர்மார் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் தேத்தண்ணியை இன்னொருத்தனுக்கு விடமாட்டேன் என்பேன் நான், எல்லோரும் சிரிப்பார்கள்.

பனங்கட்டியைப் பற்றி மட்டும் அவர்களிடம் சொன்னதில்லை. எனக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. அந்தக் கடியிலும் அந்த ஒரு பல்லின் இடம் கடிபடாமல் இருந்தது.