கொதிக்க வைத்த சாறு

சபுரா என்ற பெயரை நான் முதலில் கேட்டது வெயிலுமுத்து அண்ணாச்சியின் வாயிலிருந்து. யுத்தம் தொடங்கின வருஷம். நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். அச்செழுத்து தெரியும், கையெழுத்து ஓடாது. உம்மாவுக்கும் என் அண்ணன் கரீம் பாட்சாவுக்கும் அதுவும் கிடையாது. பம்பாயில், தாராவித் தோல் கிடங்கில் அண்ணனோடு வேலை பார்த்த வெயிலுமுத்து அண்ணாச்சிதான் ஊர்க் கடிதங்களை வாசித்துச் சொல்வார். கடையநல்லூரிலிருந்து பெரிய மாமா எழுதியிருந்தார். கரீமுக்குப் பெண் பார்த்தாயிற்று, பெயர் சபுரா, நிறம் மட்டு, பல் வரிசை நன்று என்று.

“பல்லா வந்து சோறு ஆக்கப் போவுது?” என்றாள் உம்மா. ஆனாலும் மறுகடிதத்தில் சரி என்றே எழுதச் சொன்னாள்.

வந்த பெண் நல்லபடியாகத்தான் சோறு ஆக்கினாள். ஒரே அறை. நடுவில் ஒரு சேலையைக் கட்டி, அந்தப் பக்கம் அண்ணனும் மைனியும், இந்தப் பக்கம் உம்மாவும் நானும். என்னைக் கட்டினவர் கொழும்புக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதனால் நான் அண்ணன் வீட்டில் கிடந்தேன். சபுரா மைனிக்கும் எனக்கும் ஒரு வயசுதான் வித்தியாசம். எதையும் தனியாக முடிவு பண்ணத் தெரியாத பெண் அவள். மீன் குழம்புக்குப் புளி போடுவதற்கு முன்னால்கூட, “போதுமாளா நஸீரா?” என்று கையில் வைத்துக்கொண்டு கேட்பாள்.

முதல் பிள்ளை பெண். உம்மாவின் உம்மா பெயரை வைத்தோம், பாத்துமுத்து என்று. ஒன்றே முக்கால் வயதில் அது அறைக்கும் குழாயடிக்கும் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த டிசம்பரில் மாஹிம் தர்கா உரூசுக்கு நாங்கள் எல்லோரும் போனோம். கூட்டத்தில் கரும்புச் சாறு பிழிந்தார்கள். மரச் செக்கு, ஐஸ் கட்டி, தகர டம்ளர். அண்ணன் பெரியவர்களுக்கு மட்டும் வாங்கினான். பிள்ளை கையை நீட்டி அழுதது. மைனி என்னைப் பார்த்தாள்.

“கொடுக்கட்டா, நஸீரா?”

நாலு மடக்குதானே, கொடுங்க என்று நான்தான் சொன்னேன்.

நாங்களும் அதே சாற்றைத்தான் குடித்தோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைக்கு மறுநாள் மத்தியானம் வாந்தியும் பேதியும் தொடங்கியது. அதற்கடுத்த நாள் அஸர் தொழுகைக்கு முன்னால் அடக்கி வந்துவிட்டார்கள். அண்ணன் மைனியை ஒரு சொல் சொல்லவில்லை. உம்மாதான், பச்சைச் சாற்றை ஊற்றிக் கொன்றுவிட்டாளே என்று வந்தவர்களிடம் எல்லாம் சொன்னாள். கொடுக்கச் சொன்னது நான் என்று மைனி வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அந்த வாரமே முனிசிபாலிட்டி ஆட்கள் ஊசியோடு எங்கள் சந்துக்கு வந்தார்கள். பக்கத்து வீடுகளிலும் இரண்டு மூன்று பேருக்குக் காலரா. ஊசி போட்ட பிறகு, அவர்களோடு வந்த தமிழர் ஒருவர் ஒவ்வொரு வாசலிலும் நின்று அதையே சொன்னார். தண்ணீரோ பாலோ, பிள்ளை வாயில் போவது எதுவானாலும் கொதிக்க வைத்துக் கொடுங்கள். சபுரா மைனி அதை மௌத்தான தகப்பன் கடைசியாகச் சொல்லிப்போன வஸிய்யத்து மாதிரி பிடித்துக்கொண்டாள். அவள் இரண்டு முறை கேட்டாளாம், எதுவானாலுமா என்று. எதுவானாலும் என்று சொன்னாராம்.

அடுத்த வருஷம் ரஹ்மத்துல்லா பிறந்தான். பிறந்த மூன்றாம் மாதம் மைனிக்கு மலேரியா வந்து பால் வற்றிவிட்டது. பட்டாளத்துப் பூட்ஸுக்குத் தோல் போன காலம் அது. அந்தப் பழக்கத்தில் அண்ணன் எப்படியோ டின் பால் கொண்டுவந்தான். மைனி தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைப்பாள், பாலைக் கரைத்துத் திரும்பக் கொதிக்க வைப்பாள், சங்கையும் கொதிக்க வைப்பாள். கஞ்சி கொடுக்கத் தொடங்கியபோதும் அப்படித்தான். வாழைப்பழத்தை இட்லி மாதிரி அவித்து மசித்தாள். எங்கள் சந்தில் அதற்கு ஒரே சிரிப்பு. “கரீம் பொண்டாட்டி பிள்ளைக்குக் காத்தையும் காய்ச்சித்தான் குடுப்பா” என்று குழாயடியில் சொல்வார்கள். அவள் கோபப்பட மாட்டாள். அவன் வயிற்றுப்போக்கு என்று ஒரு நாள் படுக்கவில்லை. அதுவே அவளுக்குப் போதும்.

துறைமுகத்தில் கப்பல் வெடித்த அந்த ஏப்ரலில் அவனுக்கு ஒரு வயது. சத்தம் கேட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்குப் பிறகு அவன் அதிகம் நிற்கவில்லை. மழை தொடங்கியபோது தவழ்வதையும் விட்டான். தவளை மாதிரி காலை மடக்கி விரித்துப் போட்டுக் கிடப்பான். யாராவது தூக்க வந்தாலே, தொடுவதற்கு முன்னால் அலறுவான். ஈறு கத்திரிக்காய் நிறத்தில் வீங்கி, துடைத்தால் ரத்தம் வந்தது. உம்மா கண்ணேறு என்றாள். தண்ணீர் ஓதி ஊற்றினார்கள். கடைசியில் அண்ணன் அவனைத் துணியில் ஏந்திக்கொண்டு மாட்டுங்காவுக்கு நடந்தான். நானும் மைனியும் பின்னால் போனோம்.

டாக்டர் அனந்தநாராயணன் பாலக்காட்டுக்காரர். ஏழை என்று முகம் சுளிக்காதவர். வாயைத் திறந்து ஈறைப் பார்த்தார், காலை மெல்லத் தொட்டுப் பார்த்தார், என்ன ஆகாரம் என்று கேட்டார். டின் பால், கஞ்சி, எல்லாம் கொதிக்க வைத்துத்தான் என்றாள் மைனி. நல்லது, சுத்தமாகத்தான் கொடுக்கிறாய் என்றார். இது ஒரு சத்து இல்லாததால் வருகிற நோய், மருந்துகூட வேண்டாம், தினம் காலையும் சாயங்காலமும் மொசம்பிச் சாறு கொடு, பதினைந்து நாளில் பிள்ளை நிற்கும் என்றார். சாத்துக்குடியை இங்கே மொசம்பி என்பார்கள்.

மைனியின் முகம் வெளுத்துவிட்டது. “சாறு வேண்டாம்யா. வேற மருந்து எழுதித் தாங்க” என்றாள்.

“அதான் மருந்து. குடுக்கலேன்னா கொழந்தை பிழைக்கறதே கஷ்டம்” என்றார் டாக்டர்.

வரும் வழியிலேயே அண்ணன் பழம் வாங்கினான். இரண்டு நாள் பழம் கூடையில் கிடந்தது. மழை விடாமல் பெய்தது. சாறு குளிர்ச்சி, மழையில் கொடுத்தால் மாந்தம் வரும், ஒன்றை மண்ணுக்குக் கொடுத்தது போதாதா என்று உம்மா சொன்னாள். டாக்டர் சொன்ன பிறகு என்ன பேச்சு என்று அண்ணன் கத்தினான். மைனி என்னைத்தான் கேட்டாள். நான் ஒரு தடவை சொல்லிப் பட்டது போதும் என்று, எனக்குத் தெரியாது மைனி என்று சொல்லிவிட்டேன். அவள் பழங்களைக் கழுவுவாள், துடைப்பாள், திரும்பக் கூடையில் வைப்பாள். பிள்ளை முனகிக்கொண்டே கிடந்தான்.

மூன்றாம் நாள் காலையில் அவள் எழுந்து ஸ்டவ்வைப் பற்றவைத்தாள். பழத்தைப் பிழிந்தாள். அலுமினியச் சட்டியில் ஊற்றி மூன்று கொதி வரும்வரை வைத்தாள்.

“டாக்டர் சொன்னதும் ஆச்சு, ஊசி போட வந்தவங்க சொன்னதும் ஆச்சு. இனி பயம் இல்லளா” என்றாள்.

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் வெகு நாள் பார்த்ததில்லை. எனக்கும் அது புத்திசாலித்தனமாகத்தான் பட்டது. உம்மாகூட, கொதித்துவிட்டால் குளிர்ச்சி போய்விடும் என்று ஒத்துக்கொண்டாள். வடிகட்டத் துணி பிடித்தது நான். கொதித்த சாறு கசந்தது. பிள்ளை துப்பினான். கருப்பட்டி போட்டோம்.

பத்து நாள் கழித்துத் தூக்கிப் போனபோது ஈறு இன்னும் கறுத்திருந்தது. டாக்டருக்குப் புரியவில்லை. தினம் கொடுக்கிறாயா என்றார். கொடுக்கிறேன் என்றாள். இரண்டு வேளையுமா, நீயே உன் கையாலேயா, பழம் பெரியவர்கள் வாய்க்குப் போகவில்லையே என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். எத்தனையோ வீட்டில் அப்படி நடந்திருக்கும், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. மைனிக்கு அவமானத்தில் கண் நிறைந்துவிட்டது. பிள்ளை தலையில் கை வைத்து, ஒரு வேளை தப்பவில்லை என்று சத்தியம் செய்தாள். அப்படியானால் இரண்டு பங்காகக் கொடு என்றார். இரண்டு பங்கு பிழிந்தோம். இரண்டு பங்கையும் கொதிக்க வைத்தோம். சட்டி பெரிது என்பதால் இன்னும் ஒரு கொதி கூட வைத்தாள்.

ஆகஸ்டில் பிள்ளைக்கு மாரில் சளி கட்டிக் காய்ச்சல் அடித்தது. தூக்கவே முடியவில்லை. அண்ணன் ஓடிப்போய் டாக்டரையே அழைத்து வந்துவிட்டான். குடையும், மடித்துக் கட்டிய வேட்டியுமாகச் சாக்கடையைத் தாண்டி வந்தார். சந்தே கூடி நின்று பார்த்தது. அவர் குனிந்து உள்ளே வந்தபோது ஸ்டவ்வில் சட்டி இருந்தது. சாறு பொங்கி நுரைத்துக்கொண்டிருந்தது.

“என்னம்மா அது?”

“சாறுதான்யா. நேரமாச்சுல்லா, காய்ச்சுதேன்.”

டாக்டர் சட்டியையே பார்த்தார். பிறகு, “தினம் இப்படித்தானா?” என்றார்.

“ஒரு நாளும் பச்சையா குடுத்தது இல்லைய்யா.”

“யாரும்மா உன்னைக் கொதிக்க வைக்கச் சொன்னா?”

“நீங்கதான்யா. டாக்டருமாருதான வந்து சொன்னிய, பிள்ளை வாயில போறது எதுன்னாலும் காய்ச்சிக் குடுன்னு.”

அவளுக்கு ஊசி போட்டவர்களும் மாட்டுங்கா டாக்டரும் ஒரே ஆட்கள்தான். டாக்டர் ஸ்டவ்வை அணைக்கச் சொன்னார். சாற்றில் இருக்கிற சத்து நெருப்பில் செத்துப்போகும், நீ கொடுத்தது வெறும் கசப்புத் தண்ணீர் என்று நிதானமாகச் சொன்னார். “நான் கேட்டிருக்கணும். கேக்கத் தோணலை” என்றும் சொன்னார். பதினைந்து நாளைக்கு முன்னால் தெரிந்திருந்தால் என்று தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். ஆனால் மைனி அந்தப் பாதியைக் கேட்டுவிட்டாள்.

அவரே கத்தி வாங்கிப் பழத்தைக் கழுவி அறுத்து, ஒரு கரண்டியில் பிழிந்து மைனியின் கையில் கொடுத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“கொடுக்கட்டா, நஸீரா?”

மாஹிமில் கேட்ட அதே குரல். நான் கீழே கிடந்த பழத்தோலைப் பொறுக்கக் குனிந்தேன். அவளே கொடுத்தாள். பிள்ளை உதட்டை நக்கிப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து இன்னும் கேட்டான். கசக்காத சாறு அவனுக்கு அதுதான் முதல் தடவை. அன்றும் மறுநாளும் ஏழெட்டுத் தடவை கொடுத்தோம். மறுநாள் சாயங்காலம் தொட்டபோது அலறாமல் இருந்தான். நாங்கள் அதைக் குணம் என்று நினைத்தோம். சளிக் காய்ச்சல் உடம்பில் மிச்சம் எதையும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் விடிந்தபோது மூச்சு நின்றுவிட்டது.

மய்யித்து வீட்டில் உம்மா பழையபடி சொன்னாள். காய்ச்சிக் கொடுத்த மட்டும் உயிரோடு இருந்தான், பச்சைச் சாறு உள்ளே போன மூன்றாம் நாள் போய்விட்டான், இரண்டு பிள்ளையையும் சாறுதான் கொண்டுபோனது என்று. சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே நம்பினார்கள். ஊருக்குக் கடிதமும் அப்படித்தான் போனது. டாக்டர் சொன்னதை அண்ணன் உம்மாவிடம் எடுத்துச் சொல்லப் பார்த்தான். மைனி தடுத்துவிட்டாள்.

“வேண்டாங்க. மாமி சொல்லுதது போல இருந்தா, டாக்டர் தப்பு. டாக்டர் சொல்லுதது போல இருந்தா, என் தப்பு. மாமி சொல்லுததே இருக்கட்டும்” என்றாள்.

இதைச் சொன்னாளே தவிர, டாக்டர் சொன்னதைத்தான் அவள் நம்பினாள் என்று எனக்குத் தெரியும். அந்த அலுமினியச் சட்டியை அவள் எறியவில்லை, யாருக்கும் கொடுக்கவுமில்லை. அதில் எதுவும் ஆக்கவுமில்லை.

மூன்று வருஷம் கழித்து மதீனா பீவி பிறந்தாள். இந்தத் தடவை பால் இருந்தது. ஆறு மாதம் ஆனதும், இனி வேறு ஆகாரம் கொடுக்க வேண்டும் என்று வந்தபோது, மைனி பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள்.

“இதுக்கு என்ன குடுக்கணும், எதைக் குடுக்கக் கூடாதுன்னு நீயே பாத்துக்கோ. நான் பால் குடுப்பேன், துணி துவைப்பேன். மத்தது என்னைக் கேக்காத தாயி.”

அப்படியே இருந்தாள். மதீனாவுக்கு மொசம்பிச் சாற்றை நான்தான் கொடுத்தேன், பச்சையாக, பிஸ்மில்லா சொல்லிக்கொண்டே. நான் பழத்தைக் கையில் எடுத்தால் மைனி குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவாள். தண்ணீர் வராத நேரமாக இருந்தாலும் போவாள். பிள்ளை ஒன்பதாம் மாதம் சுவரைப் பிடித்து நின்றது. நான் கூப்பிட்டுக் காட்டினேன். வாசலில் நின்று பார்த்தாள், உள்ளே வரவில்லை. பிள்ளை பசித்தால் என்னிடம்தான் வரும். பேசத் தொடங்கியபோது என்னைத்தான் முதலில் உம்மா என்றது. அப்போது மைனி அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை இல்லை. உம்மா போனாள், அண்ணன் போனான். சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து என்று போனால், இன்றைக்கும் வயதான பெண்கள் அவளைக் காட்டி, சாறு கொடுத்து இரண்டு பிள்ளையை வாரிக் கொடுத்தவள் என்று மருமகள்களிடம் சொல்வதுண்டு. மாஹிமில் சொன்னது நான் என்பதையும் அந்த மூன்று கொதியையும் நான் அவர்களிடம் சொல்லியிருக்கலாம். அவள் சொல்லாததை நான் எப்படிச் சொல்வது என்று இருந்துவிட்டேன். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மதீனா இப்போது விக்ரோலியில் இருக்கிறாள். அவள் மாப்பிள்ளைக்கு அங்கே தொழிற்சாலையில் வேலை. சபுரா மைனியும் அங்கேதான், கீழ்த்தளத்து அறையில் இருக்கிறாள். எண்பது ஆகிறது. அந்த அலுமினியச் சட்டியும் அவளோடுதான் இருக்கிறது.