வசந்தியை மாற்றிய திங்கட்கிழமை

டிவியின் பிக்சர் டியூப் உடைந்தால் ஒரு நாற்றம் வரும். கருகிய தூசியும் சூடான இரும்பும் கலந்ததுபோல மூக்குக்குள் ஒட்டிக்கொண்டு, சோற்றில்கூடப் பல நாளைக்கு அதுவே மணக்கும். நான் ஏழாம் வகுப்புப் படிக்கையில், கோச்சடையில் எங்கள் வீட்டு முன்னறை முழுக்க அந்த நாற்றம் அடித்தது. உடைத்தவள் என் அத்தை செல்வி, அப்பாவின் ஒரே தங்கை.

அத்தையை டி. கல்லுப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமா டிராக்டர் ஓட்டுகிறவர். குடிக்காமலே அடிக்கிற மனிதர். அந்த வருஷம் சித்திரையில் அவர் அறைந்த அறையில் இடது காது கேட்காமல் போய், மாற்றுச் சேலைகூட இல்லாமல் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார், ஆனால், "வாழவேண்டியவள எம்புட்டு நாளைக்கு இங்கனயே வச்சிருக்க முடியும்?" என்று அம்மாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா அத்தைக்கும் சேர்த்து உலையில் அரிசி போடுவாள்.

சாயங்காலமானால் அத்தைக்கு 'நாடகம்' பார்க்கவேண்டும்; டிவித் தொடரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கேட்கிற காதைப் பெட்டிப் பக்கம் திருப்பித் தரையில் உட்கார்ந்துகொள்வாள். புருஷனிடம் அடிபடும் வசந்தி என்பவளின் கதை அது. வசந்தியாக நடித்தவள் கறுப்பாய், திடமாய், கரகரத்த குரலோடு, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிற பெண்ணைப்போல இருப்பாள். ஒரு வெள்ளிக்கிழமை அவள் புருஷனின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக் கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு நிறுத்தி, 'தொடரும்' என்று போட்டுவிட்டார்கள். சனி, ஞாயிறு முழுக்க அத்தை தெருக்குழாயில் குடம் வைத்த பெண்களிடமெல்லாம், "திங்கக்கெழம பாருங்க, அவனுக்குப் பல்லு கழண்டு விழும்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எங்கள் வீட்டுக்கு வந்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

திங்கட்கிழமை மாமா வந்தார். அப்பாதான் வரச்சொல்லியிருந்தார். "வாங்க மாப்ள" என்று நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அத்தையின் துணிமணிகளை ஒரு கட்டைப்பையில் திணித்து வாசலில் வைத்துவிட்டார். "நாடகம் முடியட்டும்ண்ணே, போறேன்" என்று மட்டும் சொன்னாள் அத்தை.

பாட்டு முடிந்ததும் திரையில் எழுத்து வந்தது: 'இனி வசந்தியாக இவர்.' சிவப்பாய், ஒடிசலாய் ஒரு புதுப்பெண் அதே சேலையைக் கட்டிக்கொண்டு, அதே சட்டையைப் பிடித்தபடி நின்றாள். ஓங்கிய கை தொங்கிப்போனது. கண்ணீர் வழிய அவள் புருஷன் காலில் விழுந்தாள்.

"யாருடி இவ?" அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "அவ எங்க? அவ அடிக்கத்தானடி வந்தா!"

மாமா சிரித்தார். "இவதான் பொருத்தம். பழையவளுக்கு மூஞ்சியும் சரியில்ல, திமிரும் சாஸ்தி. சரி, கெளம்பு."

அத்தை அசையவில்லை. அவர் எழுந்து வந்து, கேட்கிற காதோடு சேர்த்து அறைந்தார். "மாப்ள, பிள்ள இருக்கு" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

அத்தை கொல்லைப்பக்கம் போனாள். அழப்போகிறாள் என்று நினைத்தோம். அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலில் விழுந்து கிடந்த அந்தப் புதுமுகத்தின்மேல் அதைப் போட்டாள். டப்பென்று தெரு அதிரக் கண்ணாடி சிதறியது. மாமா பாய்ந்து அவள் கொண்டையைப் பற்றித் தலையைச் சுவரில் மோதினார். ரத்தம் புருவத்தில் இறங்க, அவள் குனிந்து குழவியை மறுபடி எடுத்து அவர் முழங்காலில் இறக்கினாள். பச்சை விறகு முறிகிற சத்தம். அவர் அலறிய அலறலில் குழாயடிப் பெண்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அப்பா கையை ஓங்கிக்கொண்டு தங்கையிடம் ஓடினார். குறுக்கே விழுந்த அம்மா இரண்டு கையாலும் அவரை நெஞ்சில் தள்ளினாள். அப்பா கண்ணாடிச் சில்லுகள்மேல் உட்கார்ந்துவிட்டார். "அவ மேல கை வச்சீக, நானும் இந்த வீட்டுல இருக்கமாட்டேன்" என்றாள். அம்மாவுக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று எனக்கு அதுவரை தெரியாது.

பெண்டாட்டி அடித்தாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, பைக்கில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார் மாமா. நொண்டிக்கொண்டு ஊர் போனவர் எங்கள் வாசலுக்கு அப்புறம் வரவில்லை. புருவத்தில் தையலோடு கிடந்த அத்தைக்கோ கோபமெல்லாம் அந்தப் பழைய நடிகைமேல்தான். "பாதியில விட்டுட்டுப் போயிட்டா பாரு" என்று புலம்பினாள். அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, புருஷன் நடிக்க விடவில்லையாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். நிஜமோ பொய்யோ, அதைக் கேட்டபிறகு அத்தை அவளைத் திட்டவில்லை.

அந்த வீடு இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி நிற்கிறது. முதுகு பெருத்த டிவிப் பெட்டிகள் எந்த வீட்டிலும் இல்லை. ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு நாடகம் ஓடுகிறது. பள்ளிக்கூடமொன்றில் ஆயா வேலை பார்த்து ஓய்ந்த அத்தை, அழகர்கோவில் ரோட்டில் தனியாகக் குடியிருக்கிறாள். போன மாதம் நான் போயிருந்தபோது, மாமா செத்துப்போன சேதி போனில் வந்தது. நல்ல காதில் வைத்துக் கேட்டாள். "நான் வரலப்பா, ஆகவேண்டியதப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, நறுக்கிக்கொண்டிருந்த வெண்டைக்காயில் ஒன்றை எடுத்து நுனியை ஒடித்துப் பார்த்தாள். முற்றல். அதைத் தனியே ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தாள்.