எதிர்க்கடையைக் காட்டும் கண்ணாடி

கட்டைவிரல் ஒவ்வொரு திருகாணியாகத் தடவிக்கொண்டு போகிறது. கியர் பெட்டியின் மூடியைச் சுற்றி இருக்கும் திருகாணிகள் அவை. தலையில் உள்ள வெட்டு எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று விரல் விசாரிக்கிறது. ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து. பிறகு கை நிற்கிறது.

"எல்லாம் நேரா நிக்குது. என் கையெழுத்தை எதிர்க்கடைக்காரன் போட்டிருக்கான் பாரு!"

மெக்கானிக்கான இவர் மூடிய எந்த மூடியிலும் திருகாணி வெட்டுகள் செங்குத்தாகவே நிற்கும். அது அலங்காரம் இல்லை, பூட்டு. ஒன்று சாய்ந்திருந்தாலும் வேறு யாரோ திறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இறுக்கமும் குறையக் கூடாது, வெட்டும் நேராக நிற்க வேண்டும் என்பதால் திருகாணிகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார். எதுவும் ஒத்துவராதபோது பக்கத்தில் இருக்கும் என் லேத் பட்டறைக்கு வருவார். "தலைக்கு அடியில ஒரு முடி அளவு சீவிக் குடு" என்று நீட்டுவார். சீவிக் கொடுத்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "முடின்னா உனக்கு யானை முடியா?" என்பார்.

பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மட்டும்தான் இவர் கடை. ஆனால் ஒரு முறை கை வைத்த வண்டி அதன் பிறகு இவருடையது. ஓட்டுகிறவர் வெறும் ஓட்டுகிறவர். வேறு கடையில் காற்று அடித்துக்கொண்டு வந்ததாகத் தெரிந்தால், பேசிக்கொண்டே குனிந்து அந்தக் காற்றைப் புஸ்ஸென்று இறக்கிவிட்டுத் தன் பம்பில் அடித்துத் தருவார். ஆயில் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். "இது நம்ம கடை வாசனை இல்லையே?" வண்டிக்காரர் நெளிவார். வேறு இடத்துக்குப் பழகிப் போய்விட்ட வண்டி தெருவில் கடந்து போனால் சத்தத்திலேயே தெரியும். தலையைத் தூக்காமல், "நல்லா இருக்கட்டும்" என்பார், ஓடிப்போன மகளைப் பற்றிச் சொல்கிற குரலில்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கடை. அதை நடத்துகிறவர் இவருடைய சகலை. அக்காளை இவரும் தங்கையை அவரும் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்குள் பார்த்துக்கொண்டால், "வாங்க சகலை, உக்காருங்க சகலை" என்று தேன் ஒழுகும். தெருவுக்கு வந்துவிட்டால் அவர் எதிர்க்கடைக்காரன். உறவு வாசற்படியோடு சரி.

இவர் வேலை செய்வது தெருவுக்கு முதுகு காட்டி. எதிர்க்கடையைப் பார்க்கக் கூடாது என்றுதான் அப்படி உட்கார்ந்தார் என்பார்கள். ஆனால் சுவரில் கண் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்து, நொறுங்கிப்போன ஏதோ வண்டியின் பக்கக் கண்ணாடியை அதில் மாட்டியிருக்கிறார். எதற்கு என்று கேட்டால், "வெளிச்சத்துக்கு." அந்த வெளிச்சத்தில் எதிர்க்கடை வாசலில் எந்த வண்டி நிற்கிறது, யார் சிரித்துப் பேசுகிறார்கள், அந்த மனிதர் எந்தப் பெட்டியைத் திறந்து வைத்திருக்கிறார் என்பதெல்லாம் துல்லியமாகத் தெரியும். ஸ்பேனரைத் திருப்பும் ஒவ்வொரு திருப்புக்கும் இடையில் கண் ஒரு முறை அங்கே போய்வரும்.

இப்போது இவர் விரல் தடவிய வண்டி கால்நடை டாக்டரம்மாவுடையது. அவருடைய அப்பா வாங்கியது. டாக்டரம்மாவைவிட அதற்கு வயது அதிகம். கியர் வலது காலில். முதல் கியருக்கு லிவரைத் தூக்க வேண்டும், மற்றவற்றுக்கு அமுக்க வேண்டும். புது வண்டி ஓட்டிப் பழகியவர் ஏறினால் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்து எதிலாவது போய் முட்டிக்கொள்வார். கடை போட்ட நாளிலிருந்து அந்த வண்டியை இவரைத் தவிர யாரும் திறந்ததில்லை. ஒரே ஒரு தடவையைத் தவிர.

அப்போது இவர் கை எலும்பு முறிந்து கட்டுப் போட்டிருந்தது. கியர் லிவரை நடுவுக்குத் திருப்பிக் கொண்டுவரும் ஸ்ப்ரிங் உள்ளே ஒடிந்து, லிவர் உயிரில்லாமல் தொங்கியது. டாக்டரம்மாவுக்கு வேறு வழி இல்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார். இவர் அதைக் கண்ணாடியில் பார்த்தார். "அன்னிக்கு எனக்குக் கைவலியே தெரியல" என்று இன்றும் சொல்கிறார்.

கை சரியான பிறகு, லிவர் ரப்பர் தேய்ந்துவிட்டது என்று வண்டி இவரிடமே வந்தது. லிவரைக் கழற்றி, புது ரப்பர் போட்டு, மாட்டிக் கொடுத்தார். பக்கத்திலேயே இருந்த கியர் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்ட சொந்தக்காரன் வீட்டைக் கடந்து போவதைப் போல வேலையை முடித்தார். சில நாளில் புதுக் கோளாறு. இரண்டாவது கியர் விழுகிற மாதிரி விழும். ஆக்ஸிலரேட்டரைத் திருப்பியதும் துள்ளி வெளியே வந்துவிடும். இன்ஜின் மட்டும் அலறும், வண்டி போகாது.

டாக்டரம்மா வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது இவர் முகத்தில் கவலையைவிட மலர்ச்சிதான் அதிகம்.

"நான் அப்பவே நெனச்சேன். கண்டவன் கை உள்ள போனா இப்படித்தான்."

"இங்க பாருங்க," என்றார் டாக்டரம்மா. "ஒரு மாட்டை ரெண்டு பேர் மாத்தி மாத்தி வைத்தியம் பாத்தா, அது வியாதியில சாகாது, வைத்தியத்துல சாகும். இனிமே இந்த வண்டிக்கு ஒரே கைதான். கோளாறு யார் வேலையில இருக்கோ அவங்க இனிமே இதைத் தொட வேண்டாம். திறந்து பாத்து நீங்களே சொல்லுங்க. உங்க வாயால சொன்னா நம்புவேன்."

இவர் தலையாட்டிய வேகத்தில் காதில் செருகியிருந்த பென்சில் கீழே விழுந்தது.

கியர் கோளாறுக்கு இவரிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் கிளட்ச் கேபிளின் தளர்வு. அடுத்து லிவர், அதன் பிடிப்பு, அது மேலும் கீழும் போகிற தூரம். பிறகு ஆயில். இவ்வளவையும் பார்த்த பிறகே மூடி. "வாசல்ல நின்னு கூப்பிடாம வீட்டுக்குள்ள போறவன் திருடன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அன்றைக்கு இவர் வாசலில் நிற்கவே இல்லை. நேராகக் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றினார். அதை எடுக்காமல் மூடியை வெளியே இழுக்க முடியாது. லிவரைத் தண்டோடு அப்படியே விட்டுவிட்டு, மூடிக்கு வந்தார். அங்கேதான் திருகாணிகள் நேராக நின்று வரவேற்றன.

மூடி வந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டு குனிந்தவர் நெடுநேரம் நிமிரவில்லை. நான் எட்டிப் பார்த்து, "எப்படி இருக்கு?" என்றேன்.

"இருக்கு."

ஆயில் சுத்தமாக இருந்தது. ஆயில் கசியாமல் மூடிக்கு அடியில் வைக்கும் பேக்கிங் தாள் பிசிறு இல்லாமல் வெட்டப்பட்டிருந்தது. இந்த வண்டிக்கு ஸ்ப்ரிங் எங்கும் கிடைக்காது என்பதால் எதிர்க்கடைக்காரர் கம்பியை வளைத்துத் தானே செய்திருந்தார். இவர் அதன் முனையை நகத்தால் வருடினார்.

"முனையைக் கல்லுல தேச்சு வழுவழுன்னு ஆக்கியிருக்கான். உள்ள உரசக் கூடாதுன்னு." பிறகு, எனக்குக் கேட்டும் கேட்காமலும், "எனக்கு இது தோணியிருக்காது" என்றார். உடனே குரலை உயர்த்தி, "இவ்வளவு நல்லா செஞ்சிருக்கான்னா எங்கயோ எதையோ மறைக்கிறான்!"

கையால் தள்ளிப் பார்த்தார். முதல், இரண்டு, மூன்று, நான்கு. எல்லாம் டிக் டிக்கென்று உட்கார்ந்தன. மூடியைப் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டை மாட்டி, ஒரு சுற்றுப் போய்வந்தார். இரண்டாவது துள்ளியது. மறுபடி ஃபுட்ரெஸ்ட், மறுபடி மூடி, மறுபடி டிக் டிக்.

"திறந்தா யோக்கியம், மூடினா அயோக்கியம். செஞ்சவன் குணம் அப்படியே இறங்கியிருக்கு!"

சாப்பாடு கொண்டுவந்த மனைவி பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றார். "தங்கச்சி கேக்குறா, அத்தான் ஏன் ஒரே பெட்டியைத் திரும்பத் திரும்பத் திறக்கிறாருன்னு."

"அவங்களும் கண்ணாடி மாட்டியிருக்காங்களா?"

"அவங்களுக்கு எதுக்குங்க கண்ணாடி? நேராவே பாக்குறாங்க."

இவர் ஸ்பேனரைத் துடைத்தார்.

"அவ வீட்டுக்காரர் வந்து ஒரு பார்வை பாக்கட்டுமான்னு கேட்டாரு."

"அவன் இந்த வாசல்ல காலை வெச்சா நான் கடையைப் பூட்டிட்டுப் போறேன்."

"பூட்டுங்க. அப்பவாவது நேரத்துக்குச் சாப்பிடுவீங்க." போகும்போது அவர் என் பக்கம் திரும்பி, "ஊர்க் குத்தமெல்லாம் தெரியும். தன் முதுகு மட்டும் தெரியாது. கண்ணாடி மாட்டியும் தெரியல பாருங்க" என்றார்.

சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. மூடியைப் போட்டு ஃபுட்ரெஸ்ட்டையும் மாட்டிய இவருக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. பேக்கிங் கசியும். மூடியின் அடிப்பக்கம் நிச்சயம் ஒரு சொட்டாவது நிற்கும். ஒரு சொட்டு போதும், சகலையின் வேலை மோசம் என்று சொல்ல. ஆனால் அந்த இடம் குனிந்தாலும் தெரியாது. எழுந்தார். சுவரிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, வண்டிக்கு அடியில் தரையில் மல்லாத்தி வைத்து, பக்கத்தில் படுத்தார்.

சொட்டு இல்லை. விரலை விட்டுத் துடைத்தார், விரல் காய்ந்தே வந்தது. கண்ணாடியை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

அப்போது தெரிந்தது லிவர் ரப்பரின் அடிப்பாகம். தான் போட்ட புது ரப்பர். அதில் பிறை போல ஒரு வெட்டு. படுத்தபடியே கையை நீட்டி லிவரை அமுக்கினார். லிவர் கீழே வந்து, முழு தூரம் போவதற்குள் ஃபுட்ரெஸ்ட்டில் இடித்து நின்றது. வெட்டு சரியாக அந்த இடத்தில் பொருந்தியது.

ரப்பர் போட்டுத் திரும்ப மாட்டும்போது இவர்தான் லிவரைத் தண்டின் பற்களில் ஒரு பல் கீழே இறக்கி மாட்டியிருக்கிறார். அதனால், நியூட்ரலைத் தாண்டி அதிக தூரம் அமுக்க வேண்டிய இரண்டாவது கியர் பாதி வழியிலேயே நிற்கிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் ஃபுட்ரெஸ்ட் வெளியே போய்விடுகிறது. இடிக்க ஒன்றும் இல்லாதபோது எல்லாம் டிக் டிக்.

எழுந்து உட்கார்ந்தார். வெறும் ஆணியைப் பார்த்தார். பிறகு, நான் அறிந்து முதல் தடவையாக, முழுதாகத் திரும்பித் தெருவைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரர் குனிந்து ஏதோ சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கேட்கப்போவது இவர் வாய்ச்சொல்லை மட்டும். ரப்பரை மாற்றிவிட்டால் பிறை வெட்டும் போய்விடும். இவர் இழுப்பறையைத் திறந்தார், ஒரு புது ரப்பரை எடுத்தார், கையில் உருட்டினார், திரும்ப உள்ளே போட்டார்.

லிவரை உருவி ஒரு பல் மேலே ஏற்றி மாட்டினார். தெருக்கோடி வரைக்கும் இரண்டாவது கியரிலேயே போய், இரண்டாவது கியரிலேயே திரும்பி வந்தார்.

வெயில் தாழ்ந்ததும் டாக்டரம்மா வந்தார். "என்ன, யார் வேலை?"

இவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "உள்ள சுத்தம்."

"கேக்கல. லாரி போகுது."

"உள்ள வேலை சுத்தம்னு சொன்னேன்!" கத்தலாகவே வந்துவிட்டது. எதிரே சக்கரம் சுற்றும் சத்தம் நின்றது. "வெளியதான் தப்பு. லிவரை ஒரு பல்லு இறக்கி மாட்டியிருந்துச்சு."

"மாட்டினது யாரு?"

இவர் வலது கையை விரித்துக் காட்டினார்.

டாக்டரம்மா அந்தக் கையையும் தெருவின் அந்தப் பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே கைன்னு சொல்லிட்டேன். ஆனா உண்மையைச் சொன்ன கையை எப்படித் தள்றது? சரி, இப்படிச் செய்வோம். மூடிக்கு வெளிய நீங்க. உள்ள திறக்கணும்னா அவர்."

"திருகாணி?" என்றார் இவர்.

"அதுக்கென்ன?"

"திருகாணி வெளியதானே இருக்கு?"

"அது உங்களுது."

இவர் சாவியைக் கொடுத்தார். டாக்டரம்மா ஏறி உதைத்தார். முதல் உதையிலேயே இன்ஜின் பிடித்தது. லிவரைக் கடைசியாக ஒரு முறை பார்ப்பவர்போல இவர் வண்டிக்குப் பக்கத்தில் குந்தினார். இனி தான் திறக்கப்போகாத கியர் பெட்டி மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தார். டாக்டரம்மா கிளட்சைப் பிடித்து, முதல் கியருக்காகக் காலை லிவருக்கு அடியில் கொடுத்துக் காத்திருந்தார். கை அங்கேயே இருந்தது.