பூட்டு மாமாவும் புது டெஸ்க்டாப்பும்

என் பெரிய அக்காவின் கணவருக்கு அலுவலகத்தில் பூட்டு என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியாமலும் இல்லை.

எங்கள் நிறுவனம் மருத்துவமனை வரவேற்பு மேசைகளுக்கும் நூலகங்களுக்கும் கணினியை இயக்கும் லினக்ஸ் மென்பொருள் தயாரித்துத் தருகிறது. ஒரு வெளியீடு, அதாவது ஒரு பதிப்பு, வெளியே போனால் அது சில வருடங்களுக்கு அப்படியே நிற்க வேண்டும். ஓட்டை விழுந்தால் அடைக்கலாம்; சுவரை இடித்துக் கட்டக் கூடாது. எதை உள்ளே விடுவது, எதை வாசலோடு நிறுத்துவது என்று முடிவு செய்பவர் மாமா. யார் எதைக் கொண்டுபோனாலும், "அடுத்த வெளியீட்டுல பாப்போம்" என்பார். அப்படித்தான் பூட்டு ஆனார்.

அங்கே உதவிக் குறிப்புகள் எழுதும் வேலையை எனக்கு வாங்கிக்கொடுத்தவர் அவர்தான். சின்ன அக்காவுக்குக் கல்யாணம் ஆனதும் அவள் கணவரையும் அவரே சேர்த்துவிட்டார். "சொந்தக் காசுல சூனியம்டா" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

சின்ன மாமா சேர்ந்தது டெஸ்க்டாப் பிரிவில். மெனு, பொத்தான், சன்னல் என்று திரையில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் அவர்கள் கைவேலை. பூட்டு மாமா தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததை யாரும் பாராட்டுவதில்லை. சின்ன மாமாவின் வேலையை நாற்காலியில் உட்கார்வதற்குள் பார்த்துவிடலாம்.

இந்த வருடம் அவர் டெஸ்க்டாப்பை அடியோடு புதிதாகச் செய்து முடித்தார். அடுத்த வெளியீடு வர இன்னும் வெகுகாலம் இருந்தது. அதுவரை கிடப்பில் போடுவதா, இப்போது ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வெளியீட்டுக்கே அப்டேட்டாக அனுப்பிவிடுவதா? அனுப்பலாமே என்றார் நிறுவனத்தை நடத்தும் மேடம். பூட்டு திறந்தால் போதும்.

இதற்குள் சின்ன மாமா அதன் வெள்ளோட்டப் பதிப்பை எங்கள் அப்பாவின் கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தபோது அப்பா கூப்பிட்டார்.

"பெரிய மாப்ள, இங்க வாங்க. சன்னல் எப்படி வழுக்கிட்டுப் போகுது பாருங்க!"

"நல்லாருக்கு மாமா."

"நீங்க போட்டுக் குடுத்த பழசும் ஓடிச்சு. ஓடலன்னு சொல்லல."

அந்த 'ஓடிச்சு' பூட்டு மாமாவின் முகத்தில் போய் விழுந்ததைப் பார்த்தேன். தண்ணீர் கேட்டார். கொண்டுவந்தும் குடிக்கவில்லை.

மறுநாளே புது டெஸ்க்டாப்பைச் சோதிக்க ஆரம்பித்தார். கிடங்கில் கிடந்த பழைய கணினிகளைத் தூசி தட்டினார். மங்கிய திரை, முரட்டுப் பிரிண்டர், ஒரு விசை செத்த கீபோர்டு என்று எல்லாவற்றையும் மாட்டிப் பார்த்தார். பல்லில் சிக்கிய நாரைத் தேடும் நாக்கு மாதிரி ஓயாமல் தேடினார். எழுத்தைப் பெரிதாக்கினால் 'சரி' பொத்தான் திரைக்கு வெளியே போய்விடுகிறது என்று கண்டுபிடித்த அன்று அவர் முகம் பூத்துவிட்டது.

"கிடைச்சுதுடா!"

சாயங்காலத்துக்குள் சின்ன மாமா அதைச் சரிசெய்து, நேரே பூட்டு மாமாவின் மேசைக்கு வந்தார். "கண்ணுலயே படல சகல. நல்லவேளை நீங்க பாத்தீங்க."

அவர் போனதும் மாமா முணுமுணுத்தார்: "நன்றி வேற சொல்றான் பாரு."

இப்படியே வாரங்கள் போயின. இவர் தோண்ட, அவர் அடைக்க. அக்காவுக்கே பொறுக்கவில்லை.

"சமையக்கட்டுக் குழாய் ஒழுகுது, அது தெரியல. என் தங்கச்சி வீட்டுக்காரர் செஞ்சதுல மட்டும் ஓட்டை தெரியுது."

"ஆபீஸ் வேலைடி."

"வயித்தெரிச்சலுக்கு ஆபீஸ்ல இப்படித்தான் பேரா?"

உதவிக் குறிப்புக்குப் படம் எடுக்க நான் புது டெஸ்க்டாப்பைத் திறந்தபோதுதான் நடந்திருப்பது புரிந்தது. எங்கே தட்டினாலும் அசையவில்லை. பாறை மாதிரி நின்றது. குறை சொல்லிச் சொல்லியே அதைக் குறையில்லாமல் ஆக்கிவைத்திருந்தார் மாமா.

முடிவெடுக்கும் கூட்டத்தில் மேடம் நேராகக் கேட்டார்: "இனி ஏதாவது குறை, பக் இருக்கா?"

"இல்ல" என்றார் மாமா.

"அப்ப அனுப்பிடலாமா?"

மாமா சுற்றிலும் பார்த்தார். "வேணாம்னு சொன்னா பொறாமைம்பீங்க. அவரையே கேளுங்க. என் நாற்காலியில உக்காந்துக்கிட்டு அவரே சொல்லட்டும்."

அது பொறி என்று எனக்குத் தெரியும். சின்ன மாமா ஆசைப்பட்டுத் தலையாட்டுவார். ஆட்டினால், தன் பண்டத்தைத் தானே உள்ளே விட்டுக்கொண்டவர் என்று ஆகிவிடும்.

சின்ன மாமா மேடத்தின் பக்கம் திரும்பினார்.

"போன வாரம் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். வரவேற்புல இருக்கற அம்மா திரையப் பாக்கறதே இல்ல. வந்தவங்க முகத்தப் பாத்துப் பேசிக்கிட்டே இருக்காங்க, கை தானா கீழ் மூலைக்குப் போகுது. நான் அந்த மூலைய மாத்திட்டேன் மேடம். ஒரு நாள் காலைல திடீர்னு அது அங்க இல்லன்னா, எதிர்ல நிக்கற நோயாளிய விட்டுட்டு மெனுவத் தேடுவாங்க. பக் இல்லதான். ஆனா மாறாதுன்னு சொல்லித்தான குடுத்தோம்? அடுத்த வெளியீட்டுல போகட்டும்."

மேடம் பேனாவை மூடினார். "இந்த நிதானம் யாருக்கு வரும்!"

எல்லோரும் சின்ன மாமாவைப் பார்த்தார்கள். நான் பூட்டு மாமாவைப் பார்த்தேன். மாறாது என்று சொல்லிக் கொடுத்ததை மாற்றக் கூடாது என்பது அவர் வருடக்கணக்காகச் சொல்லிவந்த பேச்சு. குறை தேடும் மும்முரத்தில் இந்த முறை அதைச் சொல்ல அவரே மறந்துபோயிருந்தார்.

பூட்டு மாமாவும் நானும் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது அப்பா அவருக்குப் போன் செய்தார். குரல் எனக்கும் கேட்டது. "சின்ன மாப்ள விட்டுக் குடுத்துட்டாராமே! எவ்வளவு பெரிய மனசு!"

"ஆமா மாமா" என்று போனைப் பையில் போட்டார்.

"நீங்க நினைச்சதுதான மாமா நடந்துச்சு? அப்டேட் போகல" என்றேன்.

"விட்டுக் குடுக்க அவன்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. என்கிட்ட என்னடா இருக்கு?"

நிறுத்தம் வந்ததும் பெருமூச்சு விட்டார்.

"அந்தப் பெரிய மனசையும் நல்லாத் தட்டிப் பாத்துட்டேன். ஒரு பக் கிடைக்கலடா."